காதுகுத்துக்கு முன்னால் வந்த கால்வலி

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று முடிவானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மண்டபத்தில் அத்தனை சனத்துக்கும் நடுவில் பட்டு வேட்டியும் மாலையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய பதவி எனக்கு வரப்போவதில்லை. அலுவலகத்தில் நான் இன்னும் உதவியாளர்தான்.

அந்த நேரம் பார்த்து இடது கால் மக்கர் பண்ணியது. திருமங்கலத்தில் வேலை முடிந்து, கே.கே. நகர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். இடுப்புக்குக் கீழே கிளம்பிய வலி தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைச்சதையில் கொஞ்சம் நின்று, சுண்டுவிரல்வரை போய் வந்தது. ஷாக் அடித்த மாதிரி இருந்தது. தும்மினாலும் அதே வலி. சம்மணத்தை விடுங்கள், செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வெளியில் சொல்லவில்லை. காரணம் என் சித்தப்பா மகன். அவனும் தங்கச்சிக்கு அண்ணன் முறைதான். எனக்கு முடியாதென்றால் மடி தானாக அவனுக்குப் போய்விடும். அவன் தரையில் உட்கார்ந்தால் அரைநாள் அசையமாட்டான். வேறு வேலையும் கிடையாது. ஒருநாள் வீட்டுக்கே வந்து, "என்னண்ணே, ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்குறீங்க? முடியலைன்னா சொல்லுங்க, நான் எதுக்கு இருக்கேன்" என்றான். அவ்வளவு அக்கறை. அதற்குள் அவன் பட்டுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டது பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி உசிலம்பட்டிக்காரி. கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் குப்புறப் படுக்க ஆட்கள் காத்திருப்பார்கள்; இவளும் பேச்சை நிறுத்தாமலே மிதித்து அனுப்புவாள். வீட்டிலேயே வைத்தியம் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு என்று நானும் குப்புறப் படுத்தேன். மாடிவீட்டு அக்கா வேடிக்கை பார்க்க வந்தார். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த கோபமெல்லாம் குதிகாலில் இறங்கிவிட்டதோ என்னவோ, நான் போட்ட சத்தத்தில் அந்த அக்கா மாடிக்கே ஓடிவிட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வலியைவிட அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

மறுநாள் ஆட்டோவில் என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி தூக்குவதற்குள் கத்தினேன். அப்புறம் இடுப்பை ஆராயத் தொடங்கினார்.

"வலி கால்ல டாக்டர். நீங்க இடுப்பையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

"மெயின் சுவிட்ச்ல கோளாறுன்னா பல்பைக் கழட்டி என்ன சார் செய்யிறது? முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. சயாட்டிகான்னு சொல்லுவோம். முக்காவாசிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாயிரும். ஆமா, யாராச்சும் மிதிச்சாங்களா?"

என் மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். டாக்டர் நம்பவில்லை.

கொஞ்ச நாளைக்கு மாத்திரை. படுத்தே கிடக்கக் கூடாது, முடிந்த அளவு நடக்க வேண்டும். குனிந்து கனம் தூக்கக் கூடாது. பாதம் துவண்டாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ நேரம் காலம் பார்க்காமல் ஓடிவர வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சம்மணம் போடலாமா என்று கேட்டேன். "இப்போதைக்கு வேணாம் சார், சேர்ல உக்காருங்க" என்றார். சேரில் உட்கார்ந்த தாய்மாமனை நான் எந்தக் காதுகுத்திலும் பார்த்ததில்லை.

காலையும் மாலையும் நடந்தேன். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை மனைவி பக்கத்தில் நின்று செய்யவைத்தாள், கையால் மட்டும் தொட்டு. வலி பாதத்தை விட்டது, கெண்டையை விட்டது, மெதுவாக மேலேறி இடுப்போடு நின்றது. அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். ஆனால் சம்மணம் மட்டும் வரவில்லை.

காதுகுத்து அன்று நான் மண்டபத்துக்குள் போகும்போதே சித்தப்பா மகன் பட்டுச் சட்டையோடு சமுக்காளத்தின் பக்கத்தில் தயாராக நின்றான். மானம் போகட்டும் என்று தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். "என்னால கீழ உக்கார முடியலம்மா. அவனையே உக்காரச் சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"பிள்ளைக்கு ஒன் மடிதானண்ணே வேணும், தரையா வேணும்" என்று சொல்லிவிட்டு, பந்தி நடக்கிற இடத்துக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சேரை அவளே இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். பெரியவர்கள் முணுமுணுத்தது அவள் காதில் விழவில்லை. சித்தப்பா மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்திக்குக் கிளம்பினான்.

மருமகள் ஏறி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவள் எகிறி என் இடது தொடையில் உதைத்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவே அலறினோம். அவள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்கும் குத்திட்டாங்களா?"

"ஆமாடா தங்கம்."

என் கண்ணைத் துடைத்துவிட்டு, மாலைக்குள் கையை விட்டு என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்க மாமா. இன்னும் ஒண்ணுதான்."