வெளிச்சக்காரிக்கு நான் பிடித்த அட்டை

என் மருமகளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெளிச்சக்காரி என்பார்கள். வேலைக்கு மனு போடுகிறவர்கள், புதிதாக வக்கீலானவர்கள், கம்பெனிச் சுவரில் தங்கள் முகத்தை மாட்டப்போகிற மேனேஜர்கள், எல்லோரும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய ஸ்டுடியோவுக்குத்தான் வருவார்கள். பதினாறு அடி நீளம், ஒன்பது அடி அகலம். ஒரே ஒரு ஜன்னல் இருந்தது, அதையும் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டாள். வெயில் சொன்ன பேச்சைக் கேட்காது, விளக்குதான் கேட்கும் என்பாள்.

அவளைப் பற்றி எங்கள் சொந்தத்துக்குள் மூன்று வருஷமாக ஒரு பேச்சு ஓடுகிறது. கட்டின புருஷனுக்கு வந்த நோயை விளக்கை வைத்து மறைத்தவள் என்று. அந்தப் பேச்சில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறது. அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதிக்கொள்கிறவளிடம், நான் சொன்னதில் எதையும் அழகுபடுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் பெட்டியில் பாதி துணி, பாதி விளக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பொழுது போகாமல் ஸ்டுடியோ வாசலில் போய் நிற்பேன். ஒருநாள், "அத்தை, சும்மாதானே நிக்கிறீங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைக் கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தவள்தான். பதினொரு வருஷம் பிடித்தேன்.

அந்த அட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும்போது முகத்தின் மறுபக்கம் இருட்டிப்போகும். அட்டையைக் கிட்டே கொண்டுபோனால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்த இருட்டைக் கரைக்கும். தள்ளிப் பிடித்தால் இருட்டு அப்படியே நிற்கும். "முன்னால வாங்க", "பின்னால போங்க", இந்த இரண்டுதான் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம்.

விளக்குகளுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். வெள்ளைத் துணி போர்த்திய பெரிய பெட்டி விளக்கு பெரியவள். முகத்துக்குச் சற்று மேலே, சாய்வாக நிற்பாள். குடைக்குள் எரிவது சின்னவள். ஆளுக்குப் பின்னாலிருந்து தலைமுடியில் மட்டும் ஒரு கோடு போடுவது எட்டிப் பார்க்கிறவள். அவள் இல்லாவிட்டால் கறுப்பு முடி கறுப்புத் திரைக்குள் மூழ்கிப்போய், முகம் மட்டும் அறுத்து வைத்தது மாதிரி இருக்கும். கண்ணாடி போட்டவர் வந்தால் மருமகள் பெரியவளை இன்னும் உயர்த்துவாள், கண்ணாடியில் விளக்குத் தெரியாது. கன்னம் உப்பியவருக்குக் கேமராவுக்குத் தூரமான கன்னத்தில் வெளிச்சம் போடுவாள், கிட்டே இருக்கும் கன்னம் நிழலில் இளைத்துவிடும். என்ன கோணம் ஆனாலும் இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழவேண்டும். அது விழாத படத்தை யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படம் எடுப்பாள். ஒரே விளக்கை நேராக வைத்து, எந்த வித்தையும் இல்லாமல். முகத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எதை மறைக்கவேண்டும் என்று பார்ப்பதற்கு. பார்த்த பிறகு அந்தப் படத்தைத் திரும்பக்கூடப் பார்க்கமாட்டாள்.

என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தான். கிளைக்குத் தலைவனாக்கினார்கள். ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டிருந்தார்கள். அன்று காலையில் சாப்பிடும்போது தண்ணீர் டம்ளர் அவன் கையிலிருந்து நழுவியது. கை மரத்துப்போச்சு, அமுக்கிப் படுத்துட்டேன் என்றான். கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தான்.

அந்த முதல் படத்தை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். இடதுபக்கம் வாயின் ஓரம், தையல் விட்ட பை மாதிரி இறங்கியிருந்தது. சிரிக்கச் சொன்னபோது ஒரு பக்கம்தான் சிரித்தது.

அப்போது பேசியது நான். "ஒரு பக்கம் சோர்ந்துபோய் இருக்கும்மா. அதைச் சரிபண்ணி எடு. நாலு பேர் பார்க்கிற சுவர்ல மாட்டப்போறாங்க."

அவள் கை நின்றது. கேமராவை இறக்கி அவனைப் பார்த்தாள். உடம்பு முடியலையா என்று கேட்டாள். சரியாத் தூங்கல, சீக்கிரம் எடு, வேன் வந்துரும் என்றான்.

அதற்குப் பிறகு, வருகிறவர்களுக்கெல்லாம் எதைச் செய்வாளோ அதையே செய்தாள். இடது கன்னம் கேமராவிலிருந்து விலகும்படி முகத்தைத் திருப்பினாள். பெரியவளை அவன் வலதுபக்கம் நகர்த்தினாள். சிரிக்கவேண்டாம், உதட்டை மூடியே வையுங்கள் என்றாள். பிறகு என்னிடம், "அத்தை, ஒரு அடி பின்னால போங்க" என்றாள். போனேன். நான் பின்னால் போகப் போக அவன் வாயோரம் நிழலுக்குள் போனது. என் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு நல்ல படம் அவனுக்கு அதுவரை யாரும் எடுத்ததில்லை.

மதியத்துக்குள் முகம் தானாகவே சரியாகிவிட்டது. பார்த்தியா, தூக்கம்தான் என்று போனில் சிரித்தான். மறுநாள் ஆபீஸ் படியில் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்கு அவள் கழுத்தில் கேமராவோடு ஓடிவந்தாள். பாதிப் படத்தில் ஆளை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். பக்கவாதம் என்றார் டாக்டர், இதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இவள் கேமராவைத் திறந்து அந்த முதல் படத்தைக் காட்டினாள். டாக்டர் வாயோரத்தில் விரலை வைத்தார்.

"இது நேத்துக் காலையிலயா? அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்மா."

பக்கத்தில் நின்ற என் மகள் அடுத்த படத்தையும் பார்த்துவிட்டாள், அந்த நல்ல படத்தை. அங்கே ஆரம்பித்ததுதான் இந்தப் பேச்சு. தெரிந்தே மறைத்தவள், படம்தான் பெரிது என்று இருந்தவள் என்று வராந்தாவில் கத்தினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சரிபண்ணி எடு என்று சொன்னது யார் என்று மருமகள் சொல்லிவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து மகன் வீட்டுக்கு வந்தான். இடது கை மடியில் கிடக்கும். பேச்சு வரும், ஒவ்வொரு வார்த்தையாக. கம்பெனி வேறு ஆளைப் போட்டது, சுவரில் இருந்த படத்தைக் காகிதத்தில் சுற்றி அனுப்பிவைத்தது. என் மகள் அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டு முன்னறையில் மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கு, எப்படி இருந்தான் பாருங்க என்று காட்டுவாள். கழற்றிக் கொடுங்கள் அண்ணி என்று இவள் இரண்டு தடவை கேட்டாள். கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இவள் யார் முகத்தையும் திருப்பவில்லை. இரண்டு விளக்கை நேராக வைப்பாள், எடுப்பாள், கொடுப்பாள். பெரியவளும் எட்டிப் பார்க்கிறவளும் மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றார்கள். போலீஸில் பிடித்து எடுத்தது மாதிரி இருக்கிறது என்று ஒரு வக்கீல் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு அம்மாளிடம், உங்கள் கண் இமை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றாள். பிறந்ததிலிருந்தே இப்படித்தான், உன் வேலையைப் பார் என்று அந்த அம்மாள் எழுந்து போனார். ஆட்கள் குறைந்தார்கள். என் மகள் வந்து, ஸ்டுடியோவை மூடிவிட்டு அறையை வாடகைக்கு விடு, இன்னும் யார் முகத்தைக் கெடுக்கப்போகிறாய் என்றாள். இவள் மறுபேச்சில்லாமல் விளக்குகளை வாங்க ஒரு ஆளுக்குச் சொல்லி அனுப்பினாள். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. மகள் இருக்கும்போதே, மகனும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

"அவ உடம்பு முடியலையான்னாவது கேட்டா. சரிபண்ணி எடுன்னு சொன்னது நான்தான். பெத்தவ நான். கத்துறதுன்னா என்னைப் பார்த்துக் கத்து."

 மகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னதும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மருமகள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, நீங்க சொன்னதுக்காக நான் செய்யல. நீங்க சொல்லாட்டியும் அதைத்தான் செஞ்சிருப்பேன். மேடு பள்ளத்தைப் பார்த்தா என் கை தானா விளக்குக்குப் போயிடும். அந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே யார் முன்னாடி நிக்கிறது?"

மடித்த துணியை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன். 

புதன்கிழமை மகனுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. உடல் ஊனத்துக்கான அடையாள அட்டைக்கு. நேர்முகம், இரண்டு காதும் தெரியவேண்டும், நிழல் கூடாது. அவனைப் பிடித்துக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைத்தோம். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் இடதுபக்கம் சுவரோரமாக இருக்கும்படிதான் உட்காருவான். அந்தப் பழக்கத்தில் ஸ்டூலிலும் முகம் திரும்பியது. அவள் வந்து தாடையில் இரண்டு விரலை வைத்து நேராக்கினாள்.

"முன்ன... மாதிரி... எடேன்" என்றான்.

"முடியாதுங்க" என்றாள். மூலையிலிருந்த பெரியவளின் துணியை எடுத்து, அவளை இழுத்துவந்து கேமராவுக்கு மேலே நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அத்தை, முன்னால வாங்க" என்றாள்.

அட்டையோடு ஒரு அடி முன்னால் வைத்தேன். இன்னும் ஒரு அடி என்றாள். இறங்கிய வாயோரம், சுருங்கிய கன்னம், ஓரத்தில் நிற்காமல் கசியும் எச்சில், எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் விழுந்தது.  அப்படியே பிடிங்க அத்தை என்றாள், மெதுவாக. எடுத்தாள். கண்ணில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்திருந்தது. மகன் படத்தைக் காட்டு என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை அந்த ஆள் வேனோடு வந்தான். பெரியவள் போனாள், எட்டிப் பார்க்கிறவள் போனாள், திரையும் கம்பிகளும் போயின. சின்னவளையும் இன்னொரு சிறு விளக்கையும் மட்டும் பாஸ்போர்ட் படத்துக்கென்று வைத்துக்கொண்டாள். போகும்போது அவன், அந்த வெள்ளை அட்டையும் சேர்த்திதானே பாட்டி என்று கை நீட்டினான். இல்லை என்றேன். ஓரமெல்லாம் உடைஞ்சிருக்கு, இதை வச்சு என்ன செய்வீங்க என்று கேட்டான். அவளும் குடுத்துடுங்க அத்தை என்றாள்.

கொடுக்கவில்லை. என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறேன்.