எரிமலையின் பச்சைப் பக்கம்

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எரிமலை செய்து கொடுப்பது என் தொழில். இதில் மலை வெடித்தாலும் பயம், வெடிக்காவிட்டாலும் பயம். முருகையா சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அம்பத்தூரில் என் கடை வாசலில்தான். செல்போனைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆவடி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத நிம்மதி அன்று இருந்தது. அந்த நிம்மதி வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "நாளைக்கு ப்ராஜெக்ட் எடுத்துட்டுப் போகணும்" என்று பிள்ளை சொல்லக் கேட்டு ராத்திரி கடை கடையாக அலைந்தவர்கள் எல்லாரும் என் ஆட்கள், உங்களுக்குப் புரியும்.

ஆட்டோவில் வெடித்தது

தெர்மாகோல், பழைய பேப்பர், மைதா பசை, மேலே பிளாஸ்டர். நடுவில் ஒரு சின்ன பாட்டில். அதில் ஆப்ப சோடாவைப் போட்டு, டீச்சர் முன்னால் சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். நிஜ மலையிலும் அடியில் தேங்கிய குழம்பை உள்ளே இருக்கும் வாயுதான் மேலே தள்ளுகிறது. வாயுவுக்கு வழி இருந்தால் வழிதல், இல்லாவிட்டால் வெடித்தல். இதை வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஒருவர், வகுப்பில் சிந்திவிடக் கூடாது என்று வீட்டிலேயே இரண்டையும் கலந்து, மூடியை இறுக்கி, மலையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் மூடி ஆட்டோக் கூரையில் போய் மோதியது. மலையோடு அவர் திரும்பி வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரரும் வந்தார். இருவர் சட்டையிலும் சிவப்பு. ரத்தமோ என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோக்காரர் என் மேஜையில் மூடியை வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, எரிமலைன்னு சொல்லி பாம் வித்துகினு கீறே?"

சாதுவான மலை

நான் அதிகம் படித்தவன் இல்லை. எரிமலை பற்றித் தெரிந்ததெல்லாம் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பாடப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் பார்த்ததுதான். அதில் எனக்குப் பிடித்தது கேடய எரிமலை. குழம்பு நீர்த்து இருப்பதால் வெகுதூரம் ஓடிப் படியும். மலை உயராமல் அகலமாக வளரும். பெரும்பாலும் வெடிக்காது, வழியும்.

மேனாம்பேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, டீச்சர் அதைத்தான் கேட்டார் என்று ஆர்டர் கொடுத்தார். ஆசையாகச் செய்து வைத்திருந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டீச்சர் கேட்டது இதுதான் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். புத்தகத்தை அவர் பார்க்கவே இல்லை. "இன்னாண்ணா இது, இட்லி மாரி கீது? இத்த எட்துனு போனா எவ மார்க்கு போடுவா? நல்லா ஒசரமா, நாலு பக்கமும் செவப்பு ஊத்துற மாரி குடு."

போட்டோவில் இருந்த மலை

அன்றிலிருந்து நான் செய்வதெல்லாம் கூம்பு மலைதான், நாலு பக்கமும் சிவப்புதான். கை அதற்குப் பழகிவிட்டது. கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற அந்த மலைகளை பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுத்தான் முருகையா சார் இறங்கி வந்தார். மத்தியான நேரம். என் மனைவி இறந்த பிறகு சாப்பாட்டுக்கென்று வீட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. கடை திறந்தே இருக்கும். சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. வந்தவர் விலை கேட்கவில்லை. செல்போனை நீட்டினார். மாடி ஜன்னல், கொடியில் காயும் துணி, அதற்குப் பின்னால் வரைந்து வைத்ததுபோல ஒரு மலை. உச்சியில் மெல்லிசாகப் புகை.

"எம்மவ ஹாஸ்டல் ஜன்னல் இது. பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்குப் படிக்கா. மலை பொகையுதுன்னு சொல்லுதா. கூப்பிட்டுக்கிடவா, படிக்க விடவான்னு தெரியல" என்றார். அப்படி ஒரு வடிவம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் சாம்பலைக் கக்கி, ஒரு தரம் குழம்பைக் கக்கி, அடுக்கடுக்காக ஏறினால்தான் அந்தச் செங்குத்துக் கூம்பு வரும். குழம்பு கெட்டி, வாயு எளிதில் வெளியேறாது. நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிக்கொண்டார்: "பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு, அண்ணாச்சி. இது ஒண்ணும் செய்யாதுல்லா?"

பச்சை

செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்யும் ரகம்தான், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றேன். அவர் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, மனைவிக்குப் புரிய வைக்க வேண்டும், மலைக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்ட ஒரு மாடல் வேண்டும் என்றார். ஊர், ஆறு, ஹாஸ்டல் எல்லாம் வைத்துச் செய்தேன். ஹாஸ்டலுக்கு ஒரு குண்டூசி. கடைசியில், யோசிக்காமல், வழக்கம்போல நாலு பக்கமும் சிவப்பை இழுத்துவிட்டேன். சிவப்பு குண்டூசியைத் தாண்டிப் போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் மனைவி செல்லம்மாள் கவனித்தார். மறுநாளே மாடலைத் தூக்கிக்கொண்டு இருவரும் வந்து நின்றார்கள். "என் பிள்ள மேலயா ஊத்திட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குண்டூசி இருந்த பக்கம் சிவப்பின் மேல் பச்சை அடிக்கச் சொன்னார் முருகையா சார். அவரை மட்டும் தனியாக அழைத்து, "சார், குழம்பு மெதுவாகத்தான் வரும், அதற்குப் பயமில்லை. சாம்பல் காற்று போகிற பக்கம் போகும். மழை பெய்தால் அதுவே சேறாகி ஆற்று வழியாக ஊருக்குள் இறங்கும். நான் பச்சை அடிப்பதால் எதுவும் நிற்காது" என்றேன். அவர் ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "தெரியும், அண்ணாச்சி. அவ ரெண்டு வாய் சோறு திங்கணும்லா. பச்சைய அடிங்க."

சிக்னல் இல்லாத மத்தியானம்

பிறகு ஒரு நாள் மலை நிஜமாகவே சாம்பலைக் கக்கியது. ஊரைக் காலி செய்கிறார்கள் என்று மகள் பவித்ரா காலையில் சொன்னதோடு லைன் போய்விட்டது. வீட்டில் இருந்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று அவர் என் கடைக்கு வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்; ஆடை படிந்து அப்படியே இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் நானும் எழுந்து நின்றேன். இரண்டு தடவை பேங்க் லோன் விளம்பரம். நான் கும்பிடாத சாமியையெல்லாம் அன்று நினைத்தேன். மூன்றாவது அழைப்பு பவித்ரா. தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்களாம். ஸ்பீக்கரில் அவள் குரல் எனக்கும் கேட்டது: "அப்பா, அழாதீங்க. நாங்க எல்லாரும் நூடுல்ஸ் தின்னுட்டு சீட்டு வெளையாடுதோம்."

மகள் வந்தாள்

அந்த நிம்மதியோடு பஸ் ஏறிப் போன அதே வாரம், காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் முருகையா சார் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். காரியம் முடிந்த பிறகு பவித்ரா கடைக்கு வந்தாள். அப்பா என்னைப் பற்றிச் சொல்லியிருந்தாராம். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"திரும்பிப் போகப் போறியாம்மா? அம்மா விடுறாங்களா?"

"விட மாட்டேங்கா. ஆனா போவேன், அங்கிள்" என்றாள். அலமாரியில் இருந்த மலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மலைக்கு ராவும் பகலும் ஆள் உக்காந்து பாக்காங்க. கொஞ்சம் மூச்சு மாறினாலும் எங்கள ஊரவிட்டுக் கிளப்பிருதாங்க. எங்கப்பாவ யாரு பாத்தோம்?"

எல்லாரும் பயந்த மலை அப்படியே நிற்கிறது, பவித்ரா அதன் அடியில் படிக்கிறாள், குவார்ட்டர்ஸைக் காலி செய்த செல்லம்மாள் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்.