பன்றி சுட ஒரு தொலைநோக்கி

இன்று எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி, துப்பாக்கியில் மாட்டும் தொலைநோக்கி ஒன்றை நெட்டில் தேடச் சொன்னார்.

"தோட்டத்துல பன்னி அட்டகாசம் பண்ணுதுலே. தூரத்துல இருந்தே சுடணும்."

பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்று கிடைத்தது. "ராத்திரியிலயும் தெளிவாத் தெரியுமாம் மொதலாளி" என்றேன்.

"ராத்திரி எதுக்குலே? பகல்ல இந்த ஜன்னல்ல இருந்து பாத்தா, ஏழாயிரம்பண்ணை ரோட்டுல திரும்புற ஜீப்பு நம்பர் தெரியுமா?"

அப்போதுதான் புரிந்தது. சட்டத்துக்குப் புறம்பாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெடிக்கு மருந்து அடைப்பவர்களை, ஆய்வுக்கு அதிகாரி ஜீப்பில் வருமுன் கிளப்பிவிட வேண்டும். அவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி.

"தெரியும் மொதலாளி" என்றேன்.

மரத்தடியில் சிந்திக் கிடக்கும் மருந்து, ஒவ்வொரு தடவையும் ஜீப்பில் வந்துவிட்டுச் சும்மா திரும்புகிறவர் கண்ணுக்குத் தெரிய எத்தனை மடங்கு வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.