யானிஸ் வீட்டுப் பெட்டையள்

தேசிக்காய்ப் புளியும் வாட்டின ஆட்டிறைச்சியும் கலந்த ஒரு மணம்... வீட்டை வந்து எவ்வளவு சோப் போட்டாலும் கையை விட்டுப் போகாது.

டென்மார்க் வந்த புதுசில, ஒடென்சேயில ஒரு கிரேக்க ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினனான். முதலாளி யானிஸ். அவற்ர மனுசி தெஸ்பினாதான் சமையல். ரெண்டு பெட்டையள். மூத்தவள் எலேனி, இளையவள் சோஃபியா.

எலேனி நான் சேர முந்தியே கொப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போயிட்டாள். கடையை நீதான் பாக்கவேணும் எண்டு தகப்பன் சொல்ல, மாட்டன் எண்டிட்டுப் போனவளாம். அதுக்குப் பிறகு யானிஸ் அவளின்ர பேரையே எடுக்கிறேல்லை. தெஸ்பினா மட்டும் மத்தியானத்தில குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, போன்ல அவளோட மெல்லமாக் கதைப்பா.

எல்லாம் சோஃபியாவின்ர தலையில. மேசையளுக்குச் சாப்பாடு குடுக்கிறதும் அவள்தான், சாமான் வாங்கிறதும் அவள்தான். சனிக்கிழமையில சிநேகிதியள் யன்னலால கூப்பிடுவினம்... கையாட்டிப்போட்டு உள்ள வந்திடுவாள்.

ஒருநாள் என்னட்டைக் கேட்டாள், எப்பிடி உன்ர அம்மாவை விட்டிட்டு வந்தனி எண்டு. ஊரில சண்டை, அதுதான் எண்டன். கழுவின கோப்பையளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு ஒரு காரணமாவது இருந்துது."

பிறகு தெஸ்பினாவுக்குப் பக்கவாதம் வந்திட்டுது. எலேனி ஒரு கிழமை லீவில ஓடி வந்தாள். யானிஸ் முகம் குடுத்துக் கதைக்கேல்லை, இறைச்சியைத் திருப்பிக்கொண்டே நிண்டார். அவளும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

அடுத்தநாள் காலமை சோஃபியா கோட்டோட குசினிக்குள்ள வந்தாள். கையில சூட்கேஸ். தமக்கையைப் பாத்து டெனிஷில சொன்னாள்.

"இவ்வளவு நாளும் நான் நிண்டன். இனி நீ நில்."

யானிஸ் திரும்பிப் பாக்கேக்க, சோஃபியா வெளியில போயிட்டாள்.

கிரேக்கத்துக்குப் போன சோஃபியா அங்கையே இருந்திட்டாள். தாயின்ர செத்தவீட்டுக்கும் வரேல்லை. எலேனி அந்த ஒரு கிழமைக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. தகப்பனும் மகளும் ஒரே குசினிக்குள்ள, ஓர்டரைத் தவிர வேற கதையில்லாமல்... பாக்க ஏலாது. எனக்கும் பிறகு முதியோர் இல்லத்தில வேலை கிடைச்சு விலகிட்டன்.

போன மாசம் ட்ராமில எலேனியைக் கண்டன். தலை முழுக்க நரை. அப்பா போயிட்டார், கடையும் வித்தாச்சு எண்டாள். தங்கச்சியைக் கேட்டன்.

"வருசத்தில ஒருக்கா, நத்தாருக்கு மெசேஜ் போடுவாள்."



அந்தக் கடையில நிக்கேக்க நான் அந்தப் பெட்டையளின்ர வயசு. அவளவையைப் பாத்துத்தான் கவலைப்பட்டனான். இப்ப தெஸ்பினாதான் நினைவில வாறா...

எனக்கும் ரெண்டு பெட்டையள். மூத்தவள் ஓர்ஹூஸில வேலை. சின்னவள் என்னோட. என்ர மனுசன் செத்த பிறகு, அம்மாவைத் தனிய விடேலாது எண்டு தூரத்தில கிடைச்ச படிப்பையும் வேண்டாமெண்டவள்.

நேற்று சாப்பிடேக்க, அக்கா வாறாளாம் எண்டன். சின்னவள் கரண்டியை வைச்சிட்டு டெனிஷில கேட்டாள்.

"எவ்வளவு நாளைக்கு நிப்பாள்?"

ரெண்டு நாள்தான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.