முனியாண்டி கீழே இறங்கிய ஓடைக்கரை

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு தாப்பாவிலிருந்து மலைமேல் ரிங்லெட் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்களாம். வெள்ளம் வந்தால் அந்த இடம் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் என் பேத்தி கவிதா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அவள் இஞ்சினியர். கூட வருகிறீர்களா பாட்டி என்று கேட்டாள். விடுவேனா?

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ரிங்லெட்டுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கிட்ட. காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கே மாமாக் என்கிற முஸ்லிம் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் பசியாறினோம், இருவருக்கும் பத்து வெள்ளி. பிறகு தோட்டத்துச் செம்மண் ரோடு.

என் சிறுவயதுத் தோழி லெட்சுமி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் காத்திருந்தாள். மழை பெய்தால் அங்கே குழாயில் சிவப்பாகத்தான் தண்ணீர் வரும். மலையை வெட்டிய மண்ணெல்லாம் ஓடையில்தானே இறங்குகிறது. அவள் மருமகளின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. நிலையம் வந்தால் நல்ல தண்ணீர் வரும் என்று லயமே கவிதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கவிதா ஓடையில் இறங்கினாள். நான் முனியாண்டியைக் கும்பிடப் போனேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் தொட்ட உயரத்துக்கு முனியாண்டிக் கல்லைத் தூக்கி வைப்போம். அதற்குக் கீழே யாரும் வீடு கட்டுவதில்லை. நான் கல்யாணமாகிப் போனபோது அவர் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருந்தார். இப்போது பாலத்தருகே புதுச் சிமிந்தியில் உட்கார்ந்திருந்தார். சாமி மேலே ஏறிப் பார்த்திருக்கிறேன். இறங்கிப் பார்த்ததில்லை.

லெட்சுமியிடம் கேட்டேன். கும்பிட வசதிக்கு என்றாள். நான் குனிந்து புதுச் சிமிந்தியைத் தொட்டுப் பார்த்தேன்.

"போன வாரம் நாங்கதான் எறக்குனோம்க்கா. கோழி அறுத்து மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் லா. கெழவிங்களுக்கு முட்டி வலிக்குது, கீழ வாய்யான்னு சொன்னா வரமாட்டாரா?"

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கல் மேலே இருந்தால், வெள்ளம் ஏறும் இடம் என்று நிலையம் கட்டாமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம்.

மதியம் கவிதா ஏறி வந்தாள். மரப்பட்டையில் ஒட்டிய சேறு, கிளைகளில் சிக்கிய குப்பை, கரையில் படிந்த மணல் எல்லாம் பார்த்திருந்தாள். கல்லை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. பெரிய மழையில் அந்த இடம் ஆள் உயரத்துக்கு மூழ்குமாம். வேண்டாம் என்றுதான் எழுதுவேன் என்றாள். வேறு இடம் எப்போது பார்ப்பார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அப்ப சாமிய எறக்குனது வீண்தானா?" என்றாள் லெட்சுமி.

கவிதா அவள் பக்கத்தில் குந்தினாள். "கட்டிட்டா, வெள்ளம் வர்றப்ப உள்ள வேல பாக்கறது உங்க மகனாத்தான் இருக்கும், சின்னப் பாட்டி."

என் பேத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. லெட்சுமி முன்னால் அதைக் காட்ட முடியவில்லை. லயத்து ஆண்கள் சிமிந்தியைப் பெயர்த்துக் கல்லைப் பழைய மேட்டுக்கே தூக்கிப் போனார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மழைக்காலத்தில் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஓடைக்கரையில் காரை நிறுத்தாதீர்கள். சனிக்கிழமை வேண்டாம், இன்னும் மேலே பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை ஜாம். லயத்தில் தேத்தண்ணி கொடுத்தால் மறுக்காதீர்கள். முதல் நாளே தண்ணீர் பிடித்து, மண் அடங்கும்வரை வைத்திருந்து, துணியில் வடிகட்டித்தான் உங்களுக்குக் காய்ச்சியிருப்பார்கள்.