மங்களம் அக்கா விட்டுவிட்ட பாதி

காலை விசாரணைக்குச் சற்று முன்னர் மொழிபெயர்ப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: மங்களம் அக்கா காலமானார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஈப்போ நீதிமன்றத்தில் அவர் நின்ற அதே இடத்தில் நின்று, யாரோ ஒருவரின் திருட்டு வழக்கைத் தமிழிலிருந்து மலாய்க்கு மாற்றினேன்.

அவருடைய முதுகுவலி, குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், சிறுமியாக இருந்தபோதே அம்மாவோடு பால்வாளி சுமந்தவர். பிறகு ஒரு கார் விபத்து. சாப்பாட்டு நேரத்திலும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுவார். நாற்காலியை நகர்த்தினால், “வேணாம்மா, உக்காந்தா தூக்கி விட போலீஸ கூப்பிடணும்லா” என்பார்.

வலி மாத்திரையைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். அபினி வகையைச் சேர்ந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது. வலி தணிந்தது, சொற்கள் தாமதித்தன. “வார்த்தை வருது, ஆனா நம்ம ஊரு பஸ் மாதிரி வருது” என்று சிரித்தார். அதனால் வழக்கு நாட்களில் மாத்திரையைத் தவிர்த்தார். அன்றெல்லாம் வியர்க்கும், மூக்கு ஒழுகும், கை நடுங்கும். நாங்கள் காய்ச்சல் என்று நினைத்தோம். ஒருமுறை கிளினிக்குக்குத் துணையாகப் போனேன். இப்படித் திடீரென நிறுத்துவது ஆபத்து என்று மருத்துவர் கடிந்துகொண்டார். “என் மூளை கலங்குனா, கூண்டுல நிக்கிறவன் உள்ள போயிருவான் டாக்டர்” என்றார் அக்கா.

ஜெலாப்பாங் சாப்பாட்டுக் கடையில் நடந்த ஓர் அடிதடி வழக்கு. சாட்சி மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார்: “அவன்தான் அடிச்சான் துவான். ஆனா மொதல்ல தள்ளி விட்டது நான்தான்.” அக்கா முதல் வாக்கியத்தை மட்டுமே மலாயில் சொன்னார். வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. கையை உயர்த்தி, தான் பாதியை விட்டுவிட்டதாக மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, மீதியையும் மொழிபெயர்த்தார்.

வெளியே வந்ததும், “மாத்திரையாக்கா?” என்று கேட்டேன்.

“இன்னிக்குப் போடவே இல்லம்மா. வலிதான் முழுங்கிருச்சு. போட்டாலும் போகுது, போடாட்டியும் போகுது. நான் எங்க போறது?” சுவரில் சாய்ந்துகொண்டார். “சாட்சி சொன்னது முழுசா போகணும். பாதி போனா அது நம்ம சாட்சியாயிரும்லா.” அன்றே மொழிபெயர்ப்பை விட்டு, நீதிமன்ற கவுன்டர் வேலைக்கு மாற்றம் கேட்டார்.

நாள்பட்ட வலி, தூக்கமின்மை, மாத்திரை மூன்றுமே சிந்தனையை மந்தமாக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கடைசியில் வந்த வலியையும் அக்கா பழைய வலி என்றே நினைத்தார். உண்மையில் அது முதுகெலும்பில் கிருமித் தொற்று; அதுதான் அவரைக் கொண்டுபோனது. காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனபோது இரத்தப் பரிசோதனையில் அழற்சி மிக அதிகம். புது வலியை மாத்திரை மூடி மறைத்திருக்கலாம் என்றார்கள்.

சாவு வீட்டில் உறவினர் ஒருவர், “நல்ல பொம்பளதான், ஆனா மாத்திரைக்கு அடிமையாயிட்டாங்க” என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பிறர் பேச்சைத்தான் பேசத் தெரியும். சபையில் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அண்ணே, நீங்க சொன்னது பாதிதான்” என்றேன்.

“மீதி என்னம்மா?”

கூண்டில் நிற்பவனுக்காக வழக்கு நாட்களில் அவர் மாத்திரையைத் தவிர்த்ததை, விட்ட பாதியைக் கையை உயர்த்திச் சொன்னதைச் சொன்னேன். மீதியையும் சொல்லும் அந்தப் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது.