வானாகிப்போன உழவு மெசின்

உரும்பிராயில், ஹாட்வெயார் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். எங்கள் குழுத்தலைவர் கொழும்பில் வேலை பார்த்தவர். அதை நாளுக்கு நான்கு தரம் சொல்லுவார். சொல்வதற்கு அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

வாகனங்களை வாடகைக்கு விடும் தெல்லிப்பழை ஐயா ஒருவருக்கு நிரல் எழுதினோம். ஆட்களை ஏற்றும் வான், வயல் உழும் உழவு மெசின் இரண்டும் நிரலில் 'வாகனம்' என்ற பொது வகுப்பிலிருந்து, அதாவது ஒரே பொது அச்சிலிருந்து, பிறந்தவை. ஐயாவின் வாகனப் பட்டியலில் எல்லாமே வெறும் 'வாகனம்'தான். இலக்கம், சாரதி போன்ற பொது விபரங்களை மட்டுமே அதனிடம் கேட்கலாம். இருக்கை எத்தனை என்று கேட்டால், நிரலை ஓடவிடுமுன் பிழை பார்க்கும் கொம்பைலர் மறுத்துவிடும். இருக்கை வானுக்கு மட்டும் உரியது. குழுத்தலைவரோ பட்டியலில் இருந்த அத்தனையையும் 'இது வான்தான்' என்று எழுதி, கொம்பைலரின் வாயை அடைத்தார்.

"அண்ணை, உழவு மெசினும் அதுக்கை வருமெல்லோ? ஓடேக்கை நிரல் விழுந்திடும்" என்றேன்.

"கொம்பைலரே பேசாமல் இருக்கு. உமக்கென்ன பிரச்சினை?" என்று சிரித்தார்.

ஐயா பார்க்க வந்த அன்று மூன்று வான்கள் ஒழுங்காகத் திரையில் வந்தன. குழுத்தலைவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"தம்பி, என்ரை உழவு மெசினையும் ஒருக்காப் போட்டுக் காட்டும்" என்றார் ஐயா.

குழுத்தலைவர் போட்டார். திரை முழுதும் சிவப்பு எழுத்து. நிரல் அப்படியே விழுந்துவிட்டது.

"அது இந்தப் பிள்ளை எழுதின பகுதி, ஐயா" என்றார், என்னைப் பார்க்காமலே.

எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. மடிக்கணினியைத் திருப்பி, அந்த 'இது வான்தான்' வரிக்குப் பக்கத்தில், எழுதியவர் என்று பதிவாகியிருந்த அவருடைய பெயரைக் காட்டினேன். ஐயா கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"உழவு மெசினை ஏன் தம்பி வான் எண்டு எழுதினனீர்?"

குழுத்தலைவர் தண்ணீர் குடித்தார்.

அன்று பின்னேரம் நானே திருத்தினேன். 'விபரம் சொல்' என்ற செயலைப் பொது வகுப்பில் வைத்து, ஒவ்வொன்றும் தன் விதத்தில் பதில் சொல்ல விட்டேன். வான் இருக்கைகளைச் சொன்னது, உழவு மெசின் கலப்பையைச் சொன்னது. எது எந்த வகை என்று பட்டியல் விசாரிக்கவே தேவையிருக்கவில்லை.

அடுத்த கிழமைக் கூட்டத்தில் குழுத்தலைவர் "இது என்ரை டிசைன்" என்று அதை விளக்கினார். விளக்கமும் பிழை. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாதமே நான் வேலையை விட்டேன். அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். பதவி உயர்ந்துவிட்டதாம்.